ஊதாப்பூ சாக்கு

1940 மார்ச் 12. கவுனுக்கு ஒரே மாதிரிப் பூப்போட்ட தீவனச் சாக்கு மூன்று வேண்டும். இரண்டு போதுமென்று நினைத்துத் துணியை வெட்டியது என் தப்பு.

இப்படி நோட்டில் எழுதிவிட்டு, லியோட்டா வெட்டிய துணியோடு மாலைநேரத் தையல் வகுப்புக்குப் போனாள். அமெரிக்காவில் அப்போது கோழித்தீவனம் பூப்போட்ட பருத்தித் துணிச் சாக்கில் வரும்; கையில் காசில்லாதவர்கள் அந்தச் சாக்கைப் பிரித்துக் கவுன் தைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். போட்டுக்கொள்ள வேறு நல்ல கவுன் கிடையாது.

பேங்க் மேனேஜரின் மனைவி மிஸஸ் கிராண்டல் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"கோழித்தீவனச் சாக்குதானே இது? கல்யாணத்துல கொக்கரக்கோன்னு கூவப் போறியா, கண்ணு?"

வகுப்பே சிரித்தது.

"என் கவுனெல்லாம் கன்சாஸ் சிட்டிக் கடையில வாங்குனது. இந்த நாத்தம் பிடிச்ச சாக்கை நான் கையாலகூடத் தொட மாட்டேன்."

லியோட்டாவுக்குக் காது சுட்டது. தான் அவ்வளவு மட்டமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தீவனக் கடைக்கு ஓடினாள்.

"ஹோபர்ட் அண்ணே, ஊதாப்பூ சாக்கு இன்னும் ஒண்ணு வேணும்."

"மிச்சமிருந்த நாலையும் முந்தாநாளே மிஸஸ் கிராண்டல் வாங்கிட்டாங்களேம்மா."

"அவங்க வீட்ல கோழியே கிடையாதே!"

"எனக்குத் தெரியாதா? தீவனத்தை இங்கேயே கொட்டச் சொல்லிட்டு, வெறும் சாக்கை மடிச்சுப் பைக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போவாங்க. ரெண்டு வருஷமா இதே கூத்துதான்."

வீட்டுக்கு வந்ததும் லியோட்டா நோட்டைத் திறந்தாள்.

நாளைய வேலை: வகுப்பில் எல்லார் முன்னாலும் மிஸஸ் கிராண்டலிடம் அவருடைய கோழிகள் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டும். அப்படியே ஒரு சாக்கும் கேட்க வேண்டும்.