இடியப்பக் கணக்கு

"அங்கிள், வேளைக்கு நாலு இடியப்பம் சாப்பிடற மனுஷனுக்கு மூணு மாசத்துல ஆறு கிலோ எப்படி ஏறும்?"

பரமட்டாவில் உணவு ஆலோசகராக இருக்கும் ஹரிப்பிரியா, இரத்தினசிங்கத்தின் ஃபோனில் இருந்த கலோரி ஆப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். எடை குறைந்தால்தான் முழங்கால் ஆபரேஷன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஹோம்புஷ் ஸ்டேஷன் படிகளை இரத்தினசிங்கம் இப்போதெல்லாம் பக்கவாட்டில்தான் இறங்குகிறார்.

"அதைத்தான் பிள்ளை நானும் கேக்கிறன்."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சிவகௌரி. காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உருவம். தன் ஃபோனைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்த ஆப்ல யார் வேணும்னாலும் எதையும் ஏத்தலாம் அங்கிள். இங்க பாருங்க, 'கொத்து ரொட்டி, ஒரு பிளேட், தொண்ணூறு கலோரி'. தொண்ணூறு கலோரிக்கு பிளேட்டைத்தான் நக்கலாம்!"

"அந்த விசர்க் கணக்குகளை நான் தொடுறேல்லை. முப்பது வருஷம் எக்கவுண்டன்ட் பிள்ளை. மா, தேங்காய்ப்பால் எல்லாம் நானே நிறுத்து, நானே பதிஞ்சனான்."

ஹரிப்பிரியா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இடியப்பம் சரி. சொதி சரி. சம்பலில் தேங்காய்ப்பூ கிராம் சுத்தமாகச் சரி. இவ்வளவு நேர்மையான சாப்பாட்டுக் கணக்கை அவள் கண்டதில்லை. அவளுடைய கணக்கே இப்படி இருக்காது.

"தப்பே இல்ல. அப்போ உடம்புலதான் ஏதோ கோளாறு. தைராய்டு, ஹார்மோன் எல்லாம் டெஸ்ட் பண்ணணும். ஆபரேஷன் இனி அடுத்த வருஷம்தான் அங்கிள்."

இரத்தினசிங்கத்தின் முகம் தொங்கியது. "என்ர கையாலை அஞ்சாவது இடியப்பத்தை நான் எடுத்ததே இல்லை, பிள்ளை."

சிவகௌரிக்குத் தாங்கவில்லை. "இஞ்சேருங்கோ, கவலைப்படாதேங்கோ." கைப்பையைத் திறந்து ஒரு பயத்தம் பணியாரத்தை அவர் கையில் வைத்தார். கூடவே இன்னொன்று. துயரத்தில் ஆழ்ந்திருந்த இரத்தினசிங்கம் இரண்டையும் மென்று முடிப்பதற்குள், சிவகௌரி தன் ஃபோனில் எதையோ தட்டினார்.

ஹரிப்பிரியா எட்டிப் பார்த்தாள். அதே ஆப். மத்தியானத்துக்குள் இரண்டாயிரத்து நூறு கலோரி!

"ஆன்ட்டி! இவ்வளவும் நீங்களா சாப்பிட்டீங்க?"

"சீ, நான் எங்கை பிள்ளை சாப்பிடுறன்? எல்லாம் இவர்தான். தானா எடுத்துப் போடுறது இவற்ர கணக்கு, கேக்காமல் நான் வைக்கிறது என்ர கணக்கு. எக்கவுண்டன்ட் அப்பிடித்தானே பிரிச்சுத் தந்தவர்!"