ஓஸ்லாவின் பூட்ஸ்

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. பூட்ஸுக்குள்ள கல்லு!"

தீவுக்காரக் கிழவி ஓஸ்லா மறுபடியும் கல்மதில்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்ததும் கிரெய்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானப் படகில் அவன் ஊர் திரும்பியாக வேண்டும். அதற்குள் சைபீரியாவிலிருந்து வழிதவறி வரும் மஞ்சள்புருவக் குருவியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். மூன்று வருடமாக இலையுதிர் காலத்தில் லீட்ஸிலிருந்து இந்த ஷெட்லாந்துத் தீவுக்கு வருகிறான். திரும்பும்போது சளி மட்டும்தான் மிச்சம்.

இன்றைக்கு நல்ல கீழைக்காற்று, குருவிகள் வந்து இறங்கும் நாள். ஆனால் இங்கே எல்லோரும் ஒரே வரிசையாகத்தான் நடக்க வேண்டும். ஒருவர் முந்திப் போனாலும் குருவி கலைந்துவிடும். ஆக, ஓஸ்லா நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

காலையிலிருந்து இப்படி நின்று நின்று கிடைத்ததெல்லாம் அவன் லீட்ஸிலேயே பார்த்து அலுத்த குருவிகள்.

"ஏம்மா, தீவுல இருக்கற கல்லெல்லாம் உங்க பூட்ஸுலதான் குடியிருக்கா?"

"வயசான காலு தம்பி. அவசரம்னா என்னைத் தூக்கிக்கிட்டு நடயேன்!"

வரிசைக்கு முன்னால் வழிகாட்டிப் போன அவள் கணவர் லவ்ரிக்கோ கோபமே வரவில்லை. குருவி பார்ப்பதில் தீவில் அவரை மிஞ்ச ஆளில்லை. புதரைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டவர், பெண்டாட்டிக்காகத் திரும்பி வந்தார். சும்மா நிற்கப் பிடிக்காமல் பைனாகுலரால் புதரைத் துழாவினார்.

"கிரெய்க்! ஓடி வாப்பா! அந்த வளைஞ்ச கிளை, இலைக்குப் பின்னால!"

கட்டைவிரல் அளவுக் குருவி. மஞ்சள் புருவம்! கிரெய்க் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"கழுகுக் கண்ணு பெரியவரே உங்களுக்கு!"

"கண்ணு யாருக்குத்தான் இல்ல? இதுக்கெல்லாம் காது வேணும் தம்பி, காது!" லவ்ரி மீசையை முறுக்கினார்.

வந்த சந்தோஷத்தில் கிரெய்குக்கு ஓஸ்லாமேல் இருந்த எரிச்சலும் போய்விட்டது. உதவியாக இருக்கட்டும் என்று அவள் பூட்ஸை வாங்கிக் கவிழ்த்து உதறினான். பொட்டு மணல்கூட விழவில்லை.

"கல்லு எங்கம்மா?"

ஓஸ்லா புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாதே. இந்தக் குட்டிக் குருவிங்களோட கீச்சுக் குரல் அவரு காதுல விழுந்து ரெண்டு வருஷமாச்சு. எனக்குக் கேட்ட இடத்துல நான் உக்காந்துடுவேன். நிக்க வச்சுட்டா போதும், மிச்சத்தை அவரே பார்த்துப்பாரு."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அன்னைக்கே பைனாகுலரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு மூலையில உக்காந்துடுவாரு மனுஷன். அதை என்னால பார்க்க முடியாதுப்பா."

கிரெய்க் மண்டியிட்டு, அவள் காலில் பூட்ஸை மாட்டி நாடாவைக் கட்டிவிட்டான்.

ஓஸ்லா சட்டென்று காதைச் சாய்த்தாள்.

"அதோ, அடுத்த புதர்ல இன்னொண்ணு கத்துது. ஓடு தம்பி... இந்தத் தடவை நீ பூட்ஸைக் கழட்டு!"