நிரை முடியும் வரை

"கட்" சொல்லி ஐந்து நிமிடம் ஆகிறது. படப்பிடிப்புக் குழு குடைகளை மடக்குகிறது. இலங்கையின் பூனாகலைத் தேயிலை மலைச்சரிவில் நடிகை வசந்தரூபாவின் கைகள் மட்டும் நிற்கவில்லை. எழுபது வயது, இருநூறு படம், இரண்டு கல்யாணம், சென்னையில் மூன்று பங்களா. அந்தக் கைகள் கொழுந்தைக் கண்ணைக் கேட்காமலே கண்டுபிடிக்கின்றன. காம்பு ஒடியும் சின்னச் சத்தம் விடாமல் கேட்கிறது. நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த இடத்தில் பவுடர் கரைந்து வழிகிறது. கீழே ரோட்டில் டிரைவர் கார் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். "மேடம், ஷாட் ஓகே," என்கிறார் உதவி இயக்குநர். "நிரையப் பாதியில விட்டுட்டு எப்படிப்பா வர்றது?"

அது தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ரெங்கம்மாவின் நிரை, அவள் பங்குக்கு வந்த தேயிலை வரிசை. படப்பிடிப்புக்காக அவள் காலையிலிருந்து சும்மா நிற்கிறாள். கடைசிச் செடியும் முடிந்து கூடை இறங்கியதும், முழங்கை வரை கையை விட்டுக் கிளறுகிறாள். சினிமாக்காரி பறித்ததில் முத்தல் இலை இல்லாமலா இருக்கும்? கை வெறுமையாக வெளியே வருகிறது. "நீங்க யாரு மக, மேடம்?" நாற்பது வருடப் பேட்டிகளில் சொந்த ஊர் மதுரைப் பக்கம் என்று மட்டுமே சொல்லிவந்தவர் நெற்றியைத் தடவிக்கொள்கிறார். "தெமோதரைத் தோட்டம். அஞ்சாம் நம்பர் லயத்து வீடு. கொழுந்தெடுத்த பவுலினா மக." முகட்டிலிருந்து மூட்டம் இறங்குகிறது. ரெங்கம்மா கொழுந்தைத் தன் கூடையில் கவிழ்த்துவிட்டு, காலிக் கூடையைத் திருப்பி நீட்டுகிறாள். "அப்ப பக்கத்து நிரையையும் புடிங்கக்கா. மழ வரப்போவுது." கீழே டிரைவர் கார் கதவைச் சாத்துகிறார்.