குரல் சரிபார்ப்பு

"அவளைக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன் சார்!" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடன் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அதிகாரி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள். இன்று வார விடுமுறை. ஆனாலும் விரலிடுக்கில் ஹேர் டை கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோபம் அப்புறம். முதல்ல விஷயத்தைச் சொல்லுங்கம்மா."

"ஃபிளாட் வாங்கக் கடன் கேட்டு பேங்க்குக்குப் போனேன். கிரெடிட் ஸ்கோர் பாதாளத்துல கிடக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க கம்பெனியில கடன் வாங்கிட்டு நான் கட்டலையாம். சத்தியமா உங்க வாசல்படியைக்கூட நான் மிதிச்சதில்ல சார்!"

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கார்டில் இருந்த பழைய பாக்கியை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தாள். கொஞ்சம் பணத்தை டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு சின்ன கார்டு வாங்கி, பால் கணக்கையும் போன் பில்லையும் மட்டும் அதில் போட்டு, கெடுவுக்கு முன்பே கட்டிவந்தாள்.

ஸ்கோர் நத்தை மாதிரி ஊர்ந்து ஏறியது. பிறகு ஓரிடத்தில் நின்று முரண்டு பிடித்தது. யாரோ வாங்கிய அந்தக் கடன் ஒழிந்தால்தான் மேலே நகரும் என்று பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். அவள் புகார் மேல் புகாராக எழுதிப் போட்ட பிறகு, இன்றுதான் இங்கே கூப்பிட்டிருந்தார்கள்.

"ஃபிளாட்டுக்கு என்னம்மா அவ்ளோ அவசரம்?"

"வீட்டுல வளர்ற பொண்ணு இருக்கா சார். இருக்கறது ஒரே ரூம். பாத்ரூம்ல போய்த்தான் யூனிபார்ம் மாத்தறா. 'எனக்குன்னு ஒரு கதவு இருந்தா போதும் சித்தி'ங்கறா. அதைக்கூடக் குடுக்க முடியல என்னால."

அதிகாரி திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. ஏமாத்தறவங்க பணம் கைக்கு வந்ததும் கம்பி நீட்டிடுவாங்க. இவ சில மாசம் ஒழுங்கா தவணை கட்டியிருக்கா. திடீர்னு நின்னுபோச்சு."

"நல்லவ மாதிரி நடிச்சிருக்கா சார்."

"இருக்கலாம். கடன் குடுக்கறதுக்கு முன்னாடி எங்க ஆளு போன்ல பேசிச் சரிபார்ப்பாரு. அந்தப் பதிவு இருக்கு. கேட்டுட்டு, 'இது என் குரல் இல்ல'ன்னு எழுதிக் குடுங்க. மிச்சத்தைப் போலீஸ் பாத்துக்கும். கடனும் உங்க பேர்லேர்ந்து போயிடும், ஸ்கோரும் ஏறிடும்."

"போடுங்க சார். அந்த மகராசி குரலைக் கேப்போம்."

அவர் பொத்தானைத் தட்டினார். ஒரு பெண் குரல் அவளுடைய பெயரை, பிறந்த தேதியை, வீட்டு விலாசத்தைப் பிசகாமல் சொன்னது. டம்ளரை எடுக்கப்போன அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"கடன் எதுக்கு மேடம்?" என்று கேட்டது ஆண் குரல்.

"வைத்தியச் செலவுக்குங்க. எங்க அக்காவுக்கு." நடுவில் ஓர் இருமல். "சின்னப் பொண்ணை வெச்சிருக்கா. எப்படியாவது பிழைக்கணும்."

"தவணை தவறக் கூடாது மேடம்."

"தவறாதுங்க. எழுந்து வேலைக்குப் போயிட்டா அவளே கட்டிடுவா. தங்கச்சி பேரைக் கெடுக்க மாட்டா."

"அப்ப கட்டப்போறது நீங்களா, உங்க அக்காவா?"

அந்தக் குரல் தடுமாறியது. "நான்தாங்க... நான்தான் கட்டுவேன்."

பதிவு முடிந்தது. அதிகாரி கையைத் தட்டிச் சிரித்தார்.

"துணிச்சலைப் பாருங்க! இல்லாத அக்காவுக்கு வைத்தியமாம். இந்தாங்க, எழுதுங்கம்மா."

அவள் பேனாவைக் கையில் வாங்கினாள். மூடியைக்கூடக் கழற்றாமல் அதை மேஜைமேல் வைத்தாள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"என்னது?"

"அது என் குரல்தான்."

"விளையாடறீங்களா? உள்ளே வரும்போது என்ன குதி குதிச்சீங்க!"

"மறந்துட்டேன் சார்."

"கடன் வாங்கினதை யாராவது மறப்பாங்களா? நல்லா யோசிங்க. பாக்கி மொத்தமும் வட்டியோட உங்க தலையில விடியும். கட்டி முடிச்சாலும் இந்தக் கறை வருஷக்கணக்கா உங்க ரிப்போர்ட்ல இருக்கும். ஃபிளாட்டை மறந்துட வேண்டியதுதான்."

"கட்டிடறேன் சார்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் வாபஸ் கடிதத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் முத்திரை குத்திக் கோப்பை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தவர், அவள் இன்னும் எழுந்திருக்காததைப் பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"இன்னொரு தடவை அதைப் போடுங்க சார்... அக்கா செத்ததுக்கப்புறம் அவ குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்."