இடது பக்கம் திரும்பும் விமானம்

பேகம்பேட்டை விமான நிலையத்தில் நிற்கும் அந்தச் சின்ன விமானம், ஆட்டோபைலட்டைப் போட்டால் தானாக இடது பக்கம் திரும்பியது. மூன்று தரம் பழுது பார்த்து, சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் நீலா.

"நேராப் போன்னா நக்கோ, மாட்டேங்கறது. நீயே வந்து பாரேன்," என்று கேப்டன் ஜெயராம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். விமானத்தில் வேறு யாருமில்லை.

உப்பல் என்ற ஊருக்கு மேலே ஆட்டோபைலட்டைப் போட்டதும் விமானம் இடது பக்கம் திரும்பியது.

"அணைச்சும் திரும்பறதேம்மா!"

"அதுக்குப் போற கரண்ட்டையே வெட்டிட்டேன் சார். கையால ஓட்டுங்கோ."

விமானம் நேரானது. நீலாவுக்கு மூச்சு வந்தது.

அப்போது ஜெயராமின் கையிலிருந்த ஸ்டியரிங்கும், அதோடு இணைந்து நீலாவின் முன்னால் இருந்த ஸ்டியரிங்கும் இரண்டு தரம் லேசாக ஆடின. 'விடு, நான் ஓட்டுகிறேன்' என்று ஒரு விமானி இன்னொருவருக்குக் காட்டும் பழைய சைகை. முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"சரி, நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டவே தெரியாதே சார்! நான் தொடக்கூட இல்லை."

ஸ்டியரிங் நிதானமாக இடது பக்கம் திரும்பியது. ஜெயராம் பாய்ந்து பிடித்தார்.

அது மறுபடியும் இரண்டு தரம் ஆடியது, இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக.