பட்டிக்கு வந்த நாய்

மாலை வெயில் மலைச்சரிவில் மஞ்சளாய் வழிகிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ஆபேல் நாயோடு ஆட்டுப்பட்டிக்குள் வருகிறார். போன வாரம் நரி ஒரு குட்டியைத் தூக்கிப்போனதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த காவல் நாய். சின்ன உடம்பு, பெரிய பாதங்கள். எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. ஆடுகளோ ஒன்றின்மேல் ஒன்று ஏறி வேலியோரம் ஒடுங்குகின்றன. "ஆடுங்க ஒத்துக்கலன்னா நாளைக்கே கொண்டாந்து உட்டுடணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க," என்கிறார் கவலையாக. குனிந்து நாயைத் தடவுகிறேன். கழுத்தில் புத்தம்புதுத் தோல் பட்டை. அந்த வாடை எனக்குத் தெரியும். ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலிருந்து இவர் குளிக்காமல் வருகிற நாளெல்லாம் ஆடுகள் இப்படித்தான் மிரளும். "இன்னாங்க, ஆட்டுத் தோலைக் கட்டி இட்டாந்தா ஆடு கிட்ட வருமா?" "அழகா இருக்குமேன்னு நானே தச்சேன், இன்பம்!" சிரிப்பை அடக்க முடியாமல் பட்டையைக் கழற்றி அவர் கையில் திணிக்கிறேன். புழுக்கை கலந்த பட்டி மண்ணை அள்ளி நாயின் கழுத்து, முதுகெல்லாம் தேய்க்கிறேன். அது கண்களை மூடிக் காட்டிக்கொண்டு நிற்கிறது. குட்டியை இழந்த தாயாடு மட்டும் மந்தையை விட்டு வருகிறது. மூச்சுவிடவும் எனக்குப் பயம். அது நாயின் கழுத்தை முகர்கிறது, மறுபடி முகர்கிறது, அங்கேயே நின்று அசைபோடத் தொடங்குகிறது. ஆபேல் ஆசையாக ஓரடி வைக்கிறார். தாயாடு விருட்டென்று தலையைத் தூக்குகிறது. "ஐயோ, நீங்க வராதீங்க! போய்க் குளிச்சிட்டு வாங்க." பட்டையைக் கையில் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்று சிரிக்கிறார் அவர்; உள்ளே நாய் தாயாட்டின் காலடியில் படுத்துக்கொள்கிறது.