சைவ வீட்டு ஃப்ரிட்ஜ்

"எலியா?"

கோமளா போட்ட சத்தத்தில், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஹேமநாதன் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஓடற எலி இல்லம்மா. எலியோட செல்லுல இருந்து எடுத்த மருந்து. இத்துனூண்டு பாட்டில்தான்" என்றாள் ஸ்வாதி.

ஸ்வாதி மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவள். திருமழிசையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

"இந்தக் காட்டுப்பாக்கத்துலயே சுத்த சைவ வீடு இது. முட்டை போட்ட கேக்கு கூட வாசப்படி தாண்டினதில்ல. என் ஃப்ரிட்ஜுல எலியை வெக்கச் சொல்றியே, நல்லாருக்கா உனக்கு?"

"பிள்ளையார் வாகனம்தானே கோமளா" என்றார் ஹேமநாதன்.

"அப்ப அவரையும் வந்து ஃப்ரிட்ஜுல உக்காரச் சொல்லுங்க!"

ஸ்வாதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பார்சல் வர வேண்டியது ஆராய்ச்சிக் கூடத்துக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்கே பூட்டியிருக்கவே, கூரியர்காரர் அவளிடம் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவளிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. விடிந்தால் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு வேலூர் போக வேண்டும்.

"அப்படி இன்னாதான் பண்ணும் இது?"

"நம்ம ரத்தத்துல காவல்காரன் மாதிரி சில செல்லுங்க இருக்கும்மா. அதுக்கு மேல ஏற்பின்னு ஒண்ணு. கிருமி வந்தா அதாலதான் தெரிஞ்சிக்கும். இந்த மருந்து நேராப் போய் அந்த ஏற்பியை மட்டும் கெட்டியாப் புடிச்சிக்கும். மெஷின்ல விட்டா பச்சையா மின்னும். எத்தனை காவல்காரங்க இருக்காங்கன்னு எண்ணிடலாம்."

"வெளிய வெச்சா?"

"கெட்டுடும். ஃப்ரீசர்ல வெச்சாலும் உறைஞ்சு வீணாயிடும். ரெண்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. பெட்டி மேல இருக்கற இந்த மீட்டர்ல நம்பர் தெரியும்."

"அடேங்கப்பா! கல்யாண மாப்பிள்ளை கூட இவ்ளோ பிகு பண்ண மாட்டான்."

"இது போச்சுன்னா அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்மா. நான் எழுதிக் கொடுக்க மூணே வாரம்தான் இருக்கு. நாலு வருஷப் படிப்பு..." ஸ்வாதி பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கோமளா அவளையே பார்த்தாள். பிறகு வெடுக்கென்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை விடிஞ்சதும் எடுத்துடணும். நீ உள்ள வராத, அங்கயே நில்லு!"

திங்கட்கிழமை காலை, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பெட்டியைக் கொடுத்தாள் கோமளா. மஞ்சள் தண்ணீர் வாசனை அடித்தது.

"இனிமே எலி, பல்லின்னு எதையாவது கொண்டாந்தே, போர்ஷனைக் காலி பண்ணிடு. ஆமா!"

ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்வாதி கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மீட்டரில் பதிவாகியிருந்ததை, அவளோடு வேலை பார்க்கும் தினேஷ் படித்தான்.

"குறைஞ்சது மூணு. அதிகபட்சம் ஏழு. தப்பிச்சே!"

பத்து மணிக்கு மெஷினில் விட்டார்கள். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், மத்தாப்புக் கொளுத்தின மாதிரி. ஸ்வாதி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். தினேஷ் கையுறையை ஊதி பலூனாக்கி அவள் தலையில் தட்டினான்.

அப்புறம்தான் அவன் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"ஏய், இது இன்னா?"

பெட்டியின் அடியில் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு மீன் செதில்.

ஸ்வாதி குனிந்து உற்றுப் பார்த்தாள். அந்த இடமே சிரிப்பில் வெடித்தது.

"சுத்த சைவம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான் தினேஷ். "உள்ள வராதேன்னு உன்னை நிறுத்தினது இதுக்குத்தான்! ஃப்ரிட்ஜு பூரா வஞ்சிரம் அடுக்கியிருக்கும்!"

ஸ்வாதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டை பப்ஸைக்கூட வெளியில் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவள் அவள். இரண்டு வருஷமாக!

சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், செதில் ஒட்டிய காலிப் பெட்டியும் கையுமாக நேராகத் தெருமுனை மீன் கடைக்குப் போனாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

"அரை கிலோ சங்கரா போடுங்கண்ணே."

மீன்காரர் அமல்ராஜ் தராசைத் தொடவில்லை. அவள் கையில் இருந்த பெட்டியையே பார்த்தார்.

"மாடி ஊட்டுப் பொண்ணு நீதானா? மருந்து நல்லாகீதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கெழம காலைல ஒம்போதுல இருந்து ஏரியா பூரா கரண்ட் கட்டு. அந்தம்மா பொட்டிய மார்ல அணைச்சிகினு ஓடியாந்துச்சு, ஐஸு குடுன்னு. மீன் ஐஸை ஊட்டுக்குள்ள எத்துகினு போவ முடியாதே. அதான், இங்கயே ஐஸு மேல வெச்சி, உறைஞ்சிடாம அப்பப்ப தூக்கித் தூக்கிப் பாத்துகினு, இந்த ஸ்டூல்ல குந்திகினு கெடந்துச்சு. முந்தானையால மூக்கைப் பொத்திகினு."

ஸ்வாதி அந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள். "எவ்ளோ நேரம்?"

"கரண்ட் வர அஞ்சு மணி ஆச்சு. நடுவுல ரெண்டு தபா அந்தாண்ட போய் வாந்தி எடுத்துச்சு. அப்பக்கூட, 'அண்ணாத்தே, நம்பரு எட்டைத் தொட்டுடப் போவுது, நீ கண்ணை எடுக்காத'ன்னு சொல்லிட்டுத்தாம்மா ஓடிச்சு!"